பழைய டிராக்டரில் கட்டை பிளக்கும் மெஷின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் கடற்கரையில், டோங்காட்டில் இருந்து ஸ்டேங்கர் வரைக்கும், கரும்புத் தோட்ட ஓரத்துக் கொட்டகைகளில் இன்றும் பழைய மாசி பெர்குசன் 135, ஃபோர்ட் 3000 போன்ற டிராக்டர்கள் நிற்கின்றன. நம் ஆட்களுக்கு விறகுத் தேவையும் குறையவில்லை. கல்யாண வீட்டில் பிரியாணி அண்டா ஏற்ற வேண்டும், ஈஸ்டர் சமயத்தில் மாரியம்மன் கோவில் தீமிதிக் குழிக்கு வேண்டும், உள்நாட்டு மேட்டுநிலமான மிட்லாண்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்குக் குளிர்காலத்துக்கு வேண்டும். நாள் முழுக்கக் கோடாலி பிடிக்க ஆள்தான் கிடைப்பதில்லை. அதனால் கட்டை பிளக்கும் ஸ்பிளிட்டரை அந்த டிராக்டரின் ஹைட்ராலிக்கிலேயே, அதாவது எண்ணெய் அழுத்தத்திலேயே, ஓட்ட முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன்.

"என்கிட்ட இருக்கிறது 1970ஆம் வருஷத்து 135. அதுல ஸ்பிளிட்டர் ஓடுமா அண்ணே, இல்ல வேற டிராக்டர் பார்க்கணுமா?"

ஓடும். வேறு டிராக்டர் தேட வேண்டாம். ஆனால் ஹைட்ராலிக்கில் அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டையைப் பிளக்கும் பலம் அழுத்தத்தில் இருந்து வருகிறது. ஆப்பு எவ்வளவு வேகமாக நகரும் என்பது, பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது.

பழைய டிராக்டர்களில் அழுத்தத்துக்குப் பஞ்சமில்லை. பம்பும் ரிலீஃப் வால்வும் (அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயைத் திறந்துவிடும் வால்வு) நல்ல நிலையில் இருந்தால் 135 சுமார் 170 பார் அழுத்தம் கொடுக்கும், அதாவது 2500 பி.எஸ்.ஐ. குறைவது ஓட்டம்தான். 135இன் உள் பம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 லிட்டர் தள்ளும், அவ்வளவுதான். ஆகவே உங்கள் ஸ்பிளிட்டர் பலமாக இருக்கும், மெதுவாக இருக்கும். 18 லிட்டர் 170 பாரில் ஓடினால் செலவாகும் சக்தி 5 கிலோவாட் பக்கம். அந்த மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினுக்கு அது பெரிய பாரமே இல்லை.

"ஸ்பிளிட்டர் மேல 20 டன்னுன்னு எழுதியிருக்கு. என் டிராக்டர்ல மாட்டினா 20 டன் வருமா?"

அந்த எண்ணை எந்த அழுத்தத்துக்குக் கணக்குப் போட்டார்கள் என்று பாருங்கள். ஆப்பைத் தள்ளும் 100 மி.மீ. உள்விட்டம் உள்ள சிலிண்டருக்கு 250 பார் கொடுத்தால் 20 டன் வரும். உங்கள் 170 பாரில் அதே சிலிண்டர் 13½ டன்தான் தள்ளும். 80 மி.மீ. சிலிண்டர் என்றால் 8½ டன் பக்கம். 125 மி.மீ. போட்டால் 21 டன் வரும், ஆனால் அதை நிரப்பக் கூடுதல் எண்ணெய் வேண்டும், ஒவ்வொரு தள்ளலும் இன்னும் மெதுவாகும்.

நம் பக்கத்து வாட்டில் (ஒருவகை வேலமரம்), சலிக்னா கம் (ஒருவகை யூகலிப்டஸ்) மரங்களுக்கு 13 டன் போதும் என்பது என் கருத்து. கணு விழுந்து முறுக்கிய கட்டை நின்றுபோனால் அதைத் திருப்பி மறுமுனையில் இருந்து வையுங்கள், இல்லையென்றால் நடுவை விட்டு ஓரத்தில் இருந்து சீவிக்கொண்டே வாருங்கள். பெரிய சிலிண்டர் வாங்கும் பணத்தை நல்ல வால்விலும் ஹோஸிலும் போடுவது மேல்.

"ஒரு கட்டைக்கு அரை நிமிஷம் ஆகுது. வேகத்தைக் கூட்ட வழி இல்லையா?"

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 100 மி.மீ. சிலிண்டர், 600 மி.மீ. நீளம் என்றால் முழுவதும் வெளியே போக 4.7 லிட்டர் எண்ணெய் வேண்டும். நிமிடத்துக்கு 18 லிட்டர் ஓட்டத்தில் அது 16 விநாடி. ராடு (சிலிண்டரில் இருந்து வெளியே வரும் தண்டு) 50 மி.மீ. என்றால் திரும்பி வர 12 விநாடி. மெஷினில் கோளாறு ஒன்றுமில்லை.

செலவில்லாத வழி, ஆப்பு போகும் தூரத்தைக் குறைப்பது. அடுப்புக்கு 35 செ.மீ. கட்டைதான் வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் ராடு முழுக்க உள்ளே திரும்ப வேண்டியதில்லை. கட்டை நுழையும் அளவுக்குத் திரும்பியதும் நெம்புகோலை விட்டுவிடுங்கள், அல்லது அந்த இடத்தில் நிற்கும்படி ஒரு ஸ்டாப் வைத்துக்கொள்ளுங்கள். இதிலேயே நேரம் ஏறத்தாழ பாதியாகும். இரண்டாவது வழி 80 மி.மீ. சிலிண்டர்: பலம் குறையும், ஆனால் முழு நீளம் 10 விநாடியில் போகும். மெல்லிய, நேர் நாருள்ள வாட்டில் மட்டும் பிளப்பவருக்கு இது நல்ல மாற்று. எஞ்சினைக் கத்த விடுவது வழியே அல்ல. பி.டி.ஓ. (டிராக்டரின் பின்னால் மற்றக் கருவிகளை ஓட்டும் சுழல் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்று வரும் இடத்தில், 135இல் எஞ்சின் சுமார் 1700 சுற்று ஓடும்போது, வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

"அப்போ பி.டி.ஓ.வுல தனிப் பம்பு மாட்டிட்டா?"

வேகம் வேண்டுமென்றால் அதுதான் சரியான வழி. பி.டி.ஓ.வில் 1:3 கியர்பாக்ஸ் வைத்த பம்பு, ஒரு சுற்றுக்கு 25 சி.சி. என்றால், நிமிடத்துக்கு 40 லிட்டர் தரும். மேலே சொன்ன 16 விநாடி 7 விநாடியாகிவிடும். 170 பாரில் அதற்கு 11 கிலோவாட் பக்கம் வேண்டும், பழைய டிராக்டர் சிரமமில்லாமல் கொடுக்கும்.

இதில் எனக்கு அதிகம் பிடித்தது வேகமல்ல, எண்ணெய் தனியாக இருப்பதுதான். ஸ்பிளிட்டரின் அழுக்கு டிராக்டரின் கியருக்குப் போகாது, டிராக்டர் கியரின் இரும்புத்தூள் ஸ்பிளிட்டருக்கு வராது. தனித் தொட்டி, உறிஞ்சும் பக்கத்தில் பெரிய குழாய், திரும்பும் பக்கத்தில் ஃபில்டர், இவ்வளவும் வேண்டும். 40 லிட்டர் பம்புக்குத் தொட்டியும் குறைந்தது 40 லிட்டராவது இருக்கட்டும், 60 இருந்தால் எண்ணெய் அவ்வளவாகச் சூடேறாது. செலவு கூடும். வருஷத்தில் கோவில் திருவிழாவுக்கும் இரண்டு கல்யாணத்துக்கும் மட்டும் விறகு பிளப்பவர் உள் பம்பிலேயே ஓட்டிக்கொள்ளலாம். விறகு விற்பவர் தனிப் பம்பு போடட்டும்.

"டிப்பர் டிரெய்லருக்கு ஒரே ஒரு ஹோஸ் வாய்தான் இருக்கு. ஸ்பிளிட்டருக்கு ரெண்டு ஹோஸ் வேணுமே?"

டிரெய்லர் தன் எடையிலேயே கீழே இறங்கிவிடும், அதற்கு ஒரு வாய் போதும். ஸ்பிளிட்டர் சிலிண்டரைத் தள்ளவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். அதனால் ஸ்பிளிட்டரிலேயே ஓப்பன் சென்டர் வகை (நெம்புகோலைத் தொடாதபோது எண்ணெயைத் தடையின்றித் திரும்ப விடும்) இருவழி வால்வு ஒன்று வையுங்கள். டிராக்டரின் அந்த ஒரு வாய் வால்வின் உள்வரும் பக்கத்துக்குப் போகட்டும். வால்வில் இருந்து திரும்பும் எண்ணெய்க்குத் தனியாக ஒரு ஹோஸ் எடுத்து டிராக்டரின் எண்ணெய் இருக்கும் பெட்டிக்கே கொண்டுபோங்கள்.

இந்தத் திரும்பும் ஹோஸைத்தான் பலரும் அலட்சியமாக விடுகிறார்கள். அது முக்கால் அங்குலமாவது இருக்க வேண்டும், நடுவில் வால்வோ சுருக்கமோ கூடாது. எண்ணெய் மட்டத்துக்கு மேலிருந்து கொட்டினால் நுரைக்கும், ஆகவே மட்டத்துக்குக் கீழே முடியும்படி அமையுங்கள். வால்வு வாங்கும்போது கடையில் "ஓப்பன் சென்டர்" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குளோஸ்டு சென்டர் வால்வை இந்த டிராக்டரில் மாட்டினால், நெம்புகோலைத் தொடாத நேரத்தில்கூட எண்ணெய் போக வழியில்லாமல் ரிலீஃப் வால்வு வழியாகக் கத்திக்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் பெட்டி தொட முடியாத அளவுக்குச் சூடாகும்.

"எல்லாம் மாட்டியாச்சு, நெம்புகோலை இழுத்தா ஒண்ணுமே அசையல. பம்பு போச்சா?"

பம்பைச் சந்தேகப்படுவதற்கு முன் இருக்கையின் இடதுபக்கம் கீழே இருக்கும் பி.டி.ஓ. நெம்புகோலைப் பாருங்கள். 135இல் ஹைட்ராலிக் பம்பு பின்பெட்டிக்குள் பி.டி.ஓ. தண்டில்தான் ஓடுகிறது. நெம்புகோல் நியூட்ரலில் இருந்தால் பம்பும் நிற்கும். கிரவுண்ட் ஸ்பீட் நிலையில் இருந்தால் வண்டி நகரும்போது மட்டும் ஓடும். எஞ்சின் ஸ்பீட் நிலையில் போடுங்கள். அப்போது பின்னால் பி.டி.ஓ. தண்டும் சுற்றும் என்பதால் அதன் மூடி கட்டாயம் இருக்க வேண்டும். கிளட்ச்சை முழுக்க மிதித்தாலும் பம்பு நிற்கும். ஃபோர்ட் 3000இல் பம்பு எஞ்சின் பக்கத்திலேயே இருப்பதால் அதில் இந்தத் தொந்தரவு இல்லை.

135க்கு இன்னொரு குணம் உண்டு. அதன் கன்ட்ரோல் வால்வு பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. கேட்டால்தான் பம்பு எண்ணெயை உறிஞ்சும், கேட்காதபோது சும்மா சுற்றும். வெளி வேலைக்கு எண்ணெய் தொடர்ந்து வர, பொசிஷன் கன்ட்ரோல் நெம்புகோலை மேலே "கான்ஸ்டன்ட் பம்பிங்" என்று குறித்த இடத்துக்குத் தள்ள வேண்டும். பல வண்டிகளில் அந்த எழுத்து தேய்ந்து போயிருக்கும், நெம்புகோல் நகரும் வில் வடிவப் பட்டையின் மேல் முனை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் எண்ணெய் மட்டம், ஹோஸை மாட்டிக் கழற்றும் குயிக் கப்ளர் முழுக்க உட்கார்ந்ததா என்பதைப் பாருங்கள். பம்பைக் கழற்றுவது கடைசி வேலை.

"கட்டை பிளக்கும்போது லிஃப்ட் கை தானா மேல போகுது, ஸ்பிளிட்டரே தூக்கிக்கிட்டு ஆடுது. ஏன்?"

டிராக்டரின் பின்னால் கருவிகளைத் தூக்கும் லிஃப்ட் கையின் சிலிண்டரும் உங்கள் ஸ்பிளிட்டரும் ஒரே குழாயில் இருக்கின்றன. கட்டை எதிர்த்து நிற்கும்போது அழுத்தம் ஏறும். ஸ்பிளிட்டரின் எடையைத் தூக்க அவ்வளவு அழுத்தம் தேவையில்லை என்பதால் எண்ணெய் சுலபமான பக்கம் போய் கையைத் தூக்கிவிடும். கட்டை பிளந்ததும் அழுத்தம் விழும், கை இறங்கும். மூன்று புள்ளி லிங்கேஜில், அதாவது அந்தக் கைகளில், மாட்டிய ஸ்பிளிட்டருக்கு இது ஆபத்து, கட்டை வைத்திருக்கும் மேடையே ஏறி இறங்குகிறது.

சரியான தீர்வு, லிஃப்ட் மூடியின் மேல் எண்ணெய் எடுக்கும் இடத்தில் ஒரு செலக்டர் வால்வு போட்டு, ஸ்பிளிட்டர் ஓடும்போது லிஃப்ட் சிலிண்டரைப் பிரித்து வைப்பது. அது இல்லாதவரை ஸ்பிளிட்டரை லிங்கேஜில் தொங்கவிடாதீர்கள். தன் சக்கரத்தில் அல்லது காலில் தரையில் நிற்கட்டும். லிஃப்ட் கைகளுக்கு நடுவில் டிராபார் போட்டு, இரண்டு பக்கமும் ஸ்டே பட்டை மாட்டி, மேலே போக முடியாதபடி பூட்டிவையுங்கள். வெறும் கயிறு நிற்காது.

"எந்த எண்ணெய், எவ்வளவு? ராடு வெளியே போனதும் டிராக்டர்ல எண்ணெய் குறைஞ்சிடாதா?"

எண்ணெய் விஷயத்தில் டிராக்டர் சொல்வதுதான் சட்டம். 135இல் கியர்பாக்ஸ், பின்அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். ஸ்பிளிட்டருக்கென்று வெறும் 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றினால் அதில் கியருக்குத் தேவையான பாதுகாப்பு இருக்காது. கையேட்டில் சொன்ன தரத்துக்குப் பொருந்தும் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் எண்ணெயை, யு.டி.டி.ஓ. என்று டின்னில் போட்டிருக்கும் வகையை, வாங்குங்கள். தனித் தொட்டி வைத்தவர் 68 ஊற்றலாம்.

அளவைப் பற்றிய பயம் பாதிதான் சரி. முதல்முறை மாட்டும்போது ஹோஸும் சிலிண்டரும் நிரம்ப நாலைந்து லிட்டர் இழுக்கும். அதனால் சிலிண்டரைப் பலமுறை நீட்டி மடக்கி, காற்றெல்லாம் வெளியேறிய பிறகு, ராடை உள்ளே இழுத்துவிட்டு மட்டம் பார்த்து நிரப்புங்கள். அதற்குப் பிறகு ஒரு பக்கம் போகும் எண்ணெய்க்கு மறுபக்கத்தில் இருந்து எண்ணெய் திரும்பி வந்துவிடுகிறது. வித்தியாசம் ராடின் கன அளவு மட்டும்தான். 50 மி.மீ. ராடு, 600 மி.மீ. நீளத்துக்கு அது 1.2 லிட்டர். ராடு வெளியே நிற்கும்போது மட்டம் பார்த்து நிரப்பினால், உள்ளே இழுத்ததும் அந்த 1.2 லிட்டர் கூடுதலாகிவிடும், அது ஒரு தப்பு.

"எண்ணெய் வெள்ளையா, பால் மாதிரி ஆயிடுச்சு."

வண்டியை ஒரு ராத்திரி நிறுத்திவைத்துப் பாருங்கள். காலையில் தெளிந்திருந்தால் அது காற்று: மட்டம் குறைவு, அல்லது திரும்பும் ஹோஸ் மேலிருந்து கொட்டுகிறது. தெளியவே இல்லை என்றால் தண்ணீர். வெளியில் மழையில் நிற்கும் டிராக்டர்களில் கியர் நெம்புகோலின் ரப்பர் கிழிந்து அந்த வழியாகத்தான் பெரும்பாலும் இறங்குகிறது. தண்ணீர் கலந்த எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். நம் கோடை மழையில் இதைத் தள்ளிப்போட்டால் பம்புதான் விலை கொடுக்கும்.

"ஒருநாள் திரும்பும் ஹோஸோட கப்ளர் சரியா உட்காரல. வால்வோட ஓரத்துல எண்ணெய் பீறிடுச்சு. 170 பார்தானே வருது, வால்வு 200 தாங்கும்னு சொன்னாங்களே?"

வால்வின் திரும்பும் பக்க அறை அந்த 200க்குச் செய்யப்பட்டதல்ல. அங்கே சாதாரணமாகச் சில பார் அழுத்தம்தான் இருக்கும், சீலும் அதற்கு ஏற்றது. திரும்பும் வழி அடைபட்டால் முழு அழுத்தமும் அந்தச் சீலில் விழும்.

சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவில் ராடு பக்கத்து ஹோஸில் கப்ளர் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ராடு பக்கத்தில் பிஸ்டனின் பரப்பு குறைவு. 100 மி.மீ. சிலிண்டர், 50 மி.மீ. ராடு என்றால் ஒரு பக்கம் 170 பார் தள்ளும்போது, அடைபட்ட மறுபக்கத்தில் அழுத்தம் 225 பாரைத் தாண்டும். டிராக்டரின் ரிலீஃப் வால்வுக்கு இது தெரியவே தெரியாது. அதனால் என் ஏற்பாடு இதுதான்: சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவில் கப்ளரே வேண்டாம், திருகு இணைப்பு போதும். டிராக்டருக்கும் வால்வுக்கும் நடுவில் உள்வரும் ஹோஸுக்கு மட்டும் கப்ளர். திரும்பும் ஹோஸுக்கும் கப்ளர் வேண்டியிருந்தால், மாட்டும்போது அதை முதலில், கழற்றும்போது கடைசியில்.

"ரிலீஃப் வால்வுல ஷிம் தகடு வச்சு இறுக்கினா பலம் கூடும்னு சொல்றாங்க. செய்யலாமா?"

செய்யக்கூடாது. ஐம்பது வருஷப் பம்பு, ஐம்பது வருஷ வார்ப்பிரும்பு லிஃப்ட் மூடி. 10 சதவீதம் அழுத்தம் கூட்டினால் 10 சதவீதம் பலம்தான் கூடும். அதற்காக எந்தத் தெருவில் கிடைக்கும் என்று தெரியாத உதிரிபாகத்தைப் பணயம் வைக்க வேண்டாம். மறுபடியும் இரண்டாவது கேள்வியின் பதிலைப் பாருங்கள்: கட்டையைத் திருப்பி வையுங்கள்.

ஸ்பிளிட்டர் வால்வில் தனி ரிலீஃப் இருந்தால் அதை டிராக்டரினதைவிடக் கொஞ்சம் குறைவாக, 155, 160 பாரில் வையுங்கள். அளக்க ஒரு கேஜ் வேண்டும், காதால் கேட்டு வைப்பது சரிவராது.

"திரும்புற நெம்புகோல் தானா நடுவுக்கு வரணும், வரவே மாட்டேங்குது."

தானாக விடும் வால்வில், ராடு முழுக்கத் திரும்பி அழுத்தம் ஏறும்போதுதான் நெம்புகோல் விடுபடும். அந்த விடும் அழுத்தம் உங்கள் ரிலீஃபைவிட அதிகமாக வைக்கப்பட்டிருந்தால் அது ஒருநாளும் விடாது. வால்வின் முனையில் உள்ள திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முன்னே தள்ளும் பக்கத்துக்கு இப்படிப் பூட்டு வைக்கவே கூடாது, கையை எடுத்தால் ஆப்பு நிற்க வேண்டும்.

"ஹோஸ்ல எங்கேயோ ஒழுகுது, இடம் தெரியல. கையால தடவிப் பார்த்தா?"

வேண்டவே வேண்டாம். ஊசி முனை ஓட்டையில் இருந்து 150 பாரில் வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஒரு புள்ளியாகத்தான் இருக்கும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே எண்ணெய் சதையை அழுக வைத்துக்கொண்டிருக்கும். அப்படிப் பட்டால் அந்த மணி நேரத்திலேயே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே பாய்ந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். மஞ்சள் பூசி மறுநாள் பார்க்கலாம் என்று இருந்தால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம்.

ஒழுகலைத் தேட ஒரு அட்டைத் துண்டைப் பிடித்து நகர்த்துங்கள், எண்ணெய் அதில் கோடு போடும். பிறகு எஞ்சினை நிறுத்தி, நெம்புகோலை இரு பக்கமும் அசைத்து அழுத்தத்தை விட்டுவிட்டுத்தான் ஹோஸைத் தொட வேண்டும். ஹோஸ் வாங்கும்போது இரட்டைக் கம்பி வலை உள்ள 2எஸ்என் வகை கேளுங்கள். அரை அங்குலத்தில் அது 275 பார் வேலை அழுத்தம் தாங்கும். ஒற்றைக் கம்பி 1எஸ்என் 160தான், நமக்கு அது போதாது.

"தம்பி கட்டையைப் பிடிப்பான், நான் நெம்புகோல் போடுவேன். சீக்கிரம் முடியுமில்ல?"

இந்த ஏற்பாட்டில்தான் விரல் போகிறது. கட்டையை வைப்பவரும் நெம்புகோலைத் தொடுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். அப்போது ஆப்பு நகரும் நேரத்தில் அவருடைய கை கட்டையில் இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. தம்பி பிளந்த விறகை அடுக்கட்டும், பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றட்டும். கோவில் வேலை என்றால் பிள்ளைகளும் கூடிவிடுவார்கள். கட்டை வெடித்துப் பக்கவாட்டில் தெறிக்கும், ஆகவே அவர்களை நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள்.

"எந்தக் கட்டை நல்லா பிளக்கும்? எது வேணாலும் எரிக்கலாமா?"

கரு வாட்டில் (பிளாக் வாட்டில்) மரம்தான் முதல். நேராகப் பிளக்கும், சூடு நன்றாகக் கொடுக்கும், கங்கு நிற்கும். கம் மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். காய்ந்த பிறகு அது இரும்புதான், அதிலும் நாரு முறுக்கிய அடிமரம். மாமரக் கட்டை பிளப்பதைவிடக் கிழிவதுதான் அதிகம், ஆப்பு கடைசி வரை போக வேண்டும்.

சமையலுக்குத் தம்போட்டி மரத்தை எரிக்காதீர்கள். நல்ல மணமாக இருக்கும், ஆனால் அதன் புகை பட்ட சாப்பாடு வயிற்றைக் கெடுக்கும், பாலும் கண்ணுக்கு ஆகாது. பச்சை நிறம் ஓடிய பழைய வேலிக் கம்பங்களில் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் ஏற்றியிருப்பார்கள், அவற்றை எந்த அடுப்பிலும் போடக்கூடாது. தீமிதிக் குழிக்குப் பழைய பலகை, சரக்கு அடுக்கும் பேலட் எதுவும் கூடாது. பலகை சாம்பலாகும், ஆணி ஆகாது. வெறுங்காலோடு நடக்கப்போகிறவர்களுக்காக, பிளந்த சுத்தமான கட்டையை மட்டும் ஒதுக்கிவையுங்கள்.

"திருவிழா முடிஞ்சது. அடுத்த வருஷம் வரைக்கும் ஸ்பிளிட்டரை எப்படி வைக்கிறது?"

ராடை முழுக்க உள்ளே இழுத்து நிறுத்துங்கள். கடற்கரை ஓரத்து உப்புக் காற்றில் வெளியே நிற்கும் ராடின் குரோம் சில மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். அடுத்த முறை அந்தப் புள்ளிகள் சீலை அறுத்துவிடும், ராடு ஓரம் ஒழுக ஆரம்பிக்கும். உள்ளே போகாமல் மிச்சம் நிற்கும் துண்டில் கிரீஸ் தடவுங்கள். கப்ளர் வாய்களுக்கு மூடி போடுங்கள். மூடி இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாலும் போதும், குளவி உள்ளே மண் கூடு கட்டிவிடாது. மறுபடி எடுக்கும்போது கப்ளரைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். முதல் கட்டையை வைப்பதற்கு முன் வெறுமனே சில முறை நீட்டி மடக்கி, ராடை உள்ளே இழுத்து எண்ணெய் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.